பின்பக்கச் சோறு

வேனிலிருந்து ஒன்பதாவது ஆள் இறங்கியபோது மொரோலயோ வேனை நோக்கி ஓடினாள்.

"கோலாப்போ தம்பி, போட்டோ எடுக்க ரெண்டு பேர்னுதானே சொன்னே?"

"ரெண்டு பேர்தான் அக்கா," என்றான் கோலாப்போ. கழுத்தில் பக்கத்துக்கொன்றாக இரண்டு கேமராக்கள் தொங்கின. "மத்தவங்க எல்லாம் அசிஸ்டண்ட்."

"ஏழு அசிஸ்டண்டா?"

"ஒருத்தன் லைட் பிடிப்பான். ஒருத்தன் அந்த லைட்டுக்கு வயர் பிடிப்பான். ஒருத்தன் அந்த வயர் தடுக்கி யாரும் விழாம பார்த்துப்பான்."

"அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரர்?"

கோலாப்போ திரும்பிப் பார்த்தான். "அவர் யாருன்னு தெரியல அக்கா. வழியில கை காட்டினாரு. கல்யாணத்துக்கானு கேட்டாரு. ஏத்திக்கிட்டேன்."

மொரோலயோவின் கையில் ஒரு தாள் இருந்தது. போட்டோவுக்கு இரண்டு, பேண்டுக்கு ஆறு, அலங்காரத்துக்கு ஐந்து, கேக்குக்கு இரண்டு, ஜெனரேட்டர், வண்டி, காவல் எல்லாம் சேர்த்துப் பதினைந்து என்று எழுதிக் கூட்டி, கைச்சேதத்துக்குக் கொஞ்சம் சேர்த்து நாற்பது சாப்பாடு என்று முடித்திருந்தாள். மணி காலை பத்துகூட ஆகவில்லை. பேண்டு பதினொரு பேராக வந்து இறங்கிவிட்டது. பூ கட்ட வந்தவள் தன் தங்கைகளையும் கூட்டி வந்திருந்தாள். கேக்கைக் கொண்டுவந்தவர்கள் நான்கு பேர், ஏனென்றால் கேக் நான்கடுக்கு.

நைஜீரியாவின் அபேயோகுட்டாவில் அவர்கள் பிடித்திருந்ததைவிடப் பெரிய கல்யாண மண்டபம் கிடையாது. கல்யாணம், மொரோலயோவின் அக்கா அடுனோலாவின் ஒரே மகள் இபுகுனுக்கு. அக்கா வேலைகளைப் பங்கிட்டபோது ஒரு நாத்தனாருக்கு வரவேற்பு, இன்னொருத்திக்கு நகை, சர்ச்சுத் தோழிகளுக்கு ஒரே நிறத் துணி விநியோகம் என்று ஆளுக்கொரு கௌரவம் கிடைத்தது. மொரோலயோவுக்குக் கிடைத்தது, கூலிக்கு வரும் ஆட்களுக்குச் சோறு.

"உனக்குத்தான் அந்த ஆளுங்களோட பழக்கம்," என்றாள் அக்கா.

உண்மைதான். இருபது வருஷமாக மொரோலயோவின் தொழில், கல்யாணங்களில் பெண்களுக்குத் தலைக்கட்டுக் கட்டிவிடுவது. விறைப்பான துணியை மடித்து மடித்து விசிறிபோல் நிறுத்தி ஒரு தலையை முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். விடிகாலையில் தொடங்கினால் முப்பது தலை. அத்தனை கல்யாணங்களில் சமையல் வாசனையை மட்டும் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கிறாள். ஒருமுறை, மணப்பெண்ணின் தலையை முடித்துவிட்டு ஒரு தட்டுச் சோறு கேட்டதற்கு, "விருந்தாளிங்க சாப்பிட்டு மிச்சமிருந்தா கூப்பிடுறோம்" என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை.

அதனால் அக்காவின் சட்டங்களைக் கேட்டபோது அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

"ஹால் சாப்பாட்டுல ஒரு கரண்டிகூட அந்த ஆளுங்களுக்குப் போகக்கூடாது. லேகோஸ்ல இருந்து கேட்டரிங் வருது. அஞ்சு வகை, ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு வரும். அதெல்லாம் இவங்களுக்குப் புரியாது. ரொட்டியும் மத்தி டப்பாவும் வாங்கிக் கொடு."

"காலைல ஆறு மணிக்கே வந்துடுவாங்க அக்கா. பசிக்குமே."

"பசிச்சா தண்ணி குடிக்கட்டும். மண்டபத்துக்குப் பின்னால, மாமரத்தடியில வச்சுக் கொடு. எல்லாரும் சாப்பிட்டப்புறம். சம்பந்தியம்மா கண்ணுல ஒருத்தன் வாய் மெல்லுறது படக்கூடாது. பட்டுச்சு, உன்னை நான் தங்கச்சினு சொல்லமாட்டேன்."

சம்பந்தியம்மாதான் எல்லாவற்றுக்கும் காரணம். மாப்பிள்ளை போலாஹானின் அம்மா, இஜேபு ஓடே ஊர்க்காரி. பெண் பார்க்க வந்த அன்று நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்தபோது ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "வீடு பெருசா இருக்கு."

அந்த வாக்கியத்தை அடுனோலா நாலு மாதமாக அலசிக்கொண்டிருந்தாள். பாராட்டா? குத்தலா? பெருசா இருக்கு, ஆனால் வேற ஒண்ணுமில்லை என்றா? இபுகுனோ ஒருநாள் சித்தியின் மடியில் படுத்து அழுதே விட்டாள். "அவங்களுக்கு நம்மளைப் பிடிக்கலை சித்தி. முகத்துல ஒண்ணுமே காட்ட மாட்டேங்குறாங்க." மொரோலயோ தூக்கி வளர்த்த பிள்ளை. அதற்கு மாமியார் வீட்டில் ஒரு பேச்சு வாங்கித் தந்துவிடக்கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

ஆனாலும் ரொட்டியும் மத்தி டப்பாவும் வாங்க அவளுக்குக் கை வரவில்லை. மார்க்கெட் முனையில் கொட்டகை போட்டுச் சோறு விற்கும் சிக்கிராவின் அம்மாவிடம் போனாள். ஒஃபாடா என்ற நாட்டு அரிசிச் சோறும் பச்சைக் குடமிளகாய்க் குழம்பும், இலையில் கட்டி, நாற்பது பொட்டலம் என்று ரகசியமாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இப்போது அறுபத்தெட்டுப் பேர் இருந்தார்கள். கட்டம் போட்ட சட்டைக்காரரைச் சேர்த்தால் அறுபத்தொன்பது.

போன் போட்டாள்.

"பொட்டலம் வேணாம்மா. பத்தாது. பேசாம அண்டாவோட இங்க வந்துடுங்க. சுடச்சுட இங்கயே போட்டுடலாம்."

"நான் அதைத்தான் அப்பவே சொன்னேன்," என்றாள் சிக்கிராவின் அம்மா. "குழம்பைப் பொட்டலத்துல அடைச்சா கோவிச்சுக்கும்."

பதினொன்றரைக்கு ஒரு மூன்று சக்கர வண்டியில் இரண்டு அண்டாக்கள், ஒரு அடுப்பு, ஒரு கட்டு இலை, நடுவில் சிக்கிராவின் அம்மா எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். மாமரத்தடியில் அடுப்பு மூட்டியாயிற்று. அவள் குழம்பு அண்டாவின் மூடியைத் திறந்தாள்.

அந்தக் குழம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செம்பனை எண்ணெயைக் கருகக் காய்ச்சி, பச்சைக் குடமிளகாயை அரைத்துக் கொட்டி, மணத்துக்காகப் புளிக்க வைத்த காட்டுமரத்து விதையைப் போட்டு, குடல், தோல், நாக்கு என்று மாட்டில் இருப்பதையெல்லாம் வெட்டிச் சேர்த்து, வேகவைத்த முட்டையை மிதக்க விடுவார்கள். அதன் வாசனை வேலியைப் பார்க்காது, சுவரைப் பார்க்காது. மண்டபத்தின் பின்கதவு வழியாக நேரே உள்ளே போனது.

உள்ளே இருநூறு விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு பஸ் வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டதால், வந்தவர்களைக் காக்க வைக்க முடியாமல் விருந்தைத் தொடங்கச் சொல்லியிருந்தாள் அடுனோலா. முதல் வகை வந்தது. குடை அளவு வெள்ளைத் தட்டு. நடுவில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மீன் துண்டு. சுற்றிலும் சாஸால் கோலம்.

முதலில் மூக்கு இழுத்த வழியே வெளியே வந்தவர் ஓயெவோ மாமா. மொரோலயோவின் தாய்மாமன்களில் மூத்தவர். தரையைக் கூட்டும் வெள்ளை அங்கி, பவளமாலை, தொப்பி.

"மொரோ, இங்க என்னம்மா நடக்குது?"

"ஒண்ணுமில்ல மாமா. வேலைக்கு வந்தவங்களுக்குச் சாப்பாடு."

"நானும் வேலைக்கு வந்தவன்தான். ரயில்வேயில முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்திருக்கேன்."

"மாமா, உங்களுக்கு உள்ள பெரிய மேசையில இடம் போட்டிருக்கு. அஞ்சு வகை வரும்."

"முதல் வகையைப் பார்த்துட்டேன். மீதி நாலையும் சேர்த்தா ஒரு வாய் வரும்."

கெஞ்சிக் கூத்தாடி அவரைத் திருப்பி அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில் அவர் மறுபடி வந்தார். தோளில் கேமரா நிறுத்தும் முக்காலி இருந்தது.

"நான் இப்ப கோலாப்போவோட அசிஸ்டண்ட்," என்றார். "அவனையே கேளு."

கோலாப்போ வானத்தைப் பார்த்தான். "கேட்டாரு அக்கா. பெரியவர். எப்படி முடியாதுன்னு சொல்றது?"

மாமாவின் இலையில் சோறு விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு முதல் கவளத்தை மென்ற விதத்தை, பின்கதவில் நின்ற மூன்று பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

இது ஆகாது என்று மொரோலயோவுக்குப் புரிந்தது. அலங்காரக்காரியிடம் ஒரு சுருள் பச்சை ரிப்பன் வாங்கினாள். உண்மையாகவே வேலைக்கு வந்த ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு துண்டு கட்டினாள். "ரிப்பன் இருந்தா சோறு, இல்லைன்னா இல்லை," என்று சிக்கிராவின் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

அந்த ரிப்பன்தான் வினையாயிற்று. அதுவரை பின்னால் ஏதோ மணக்கிறது என்று மட்டும் இருந்தவர்களுக்கு, பின்னால் ஏதோ ஒரு விசேஷ விருந்து நடக்கிறது, அதற்குத் தனி அடையாளம் உண்டு, தங்களுக்கு அது தரப்படவில்லை என்பது தெரிந்துபோயிற்று.

"எனக்கு ஏன் ரிப்பன் கட்டலை?" என்று ஒரு அத்தை வந்து சண்டைக்கு நின்றாள். "பொண்ணோட அப்பா கூடப் பிறந்தவ நான்! யாரோ மேளக்காரன் கையில ரிப்பன், எனக்கு இல்லையா?"

"அது கௌரவம் இல்லை அத்தை, அது..."

"எனக்குத் தெரியும். முதல்ல இருந்தே நீங்க எங்க பக்கத்தை ஒதுக்குறீங்க."

ஒரு ரிப்பன் கட்ட வேண்டியதாயிற்று. அதைப் பார்த்து அவள் தங்கை வந்தாள். அலங்காரக்காரியின் தங்கைகள் இன்னொரு சுருளைப் பிரித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது மொரோலயோவுக்கு அப்புறம்தான் தெரிந்தது. வரிசையில் சரிகைத் துணியும் ஆளுயரத் தலைக்கட்டுமாக ஒரு பெண் நின்றாள். அந்தத் தலைக்கட்டு காலையில் மொரோலயோவே கட்டிவிட்டது.

"நீங்க இங்க என்ன வேலைம்மா?"

"கேக்."

"கேக்ல என்ன வேலை?"

"வெட்டுறப்ப பக்கத்துல நிக்கிறது."

அவளுக்குப் பின்னால் நின்றவர் நீதிமன்றத்தில் பெரிய வக்கீல். கேட்பதற்கு முன்பே, "ஜெனரேட்டர்," என்றார். நிஜமான ஜெனரேட்டர்காரர் அவருக்கும் பின்னால் பதினைந்தாவது ஆளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

எப்படியாவது மிச்சமிருக்கும் விருந்தாளிகளை ஹாலுக்குள்ளேயே உட்கார வைத்தாக வேண்டும். மொரோலயோ பேசும் மேளம் வாசிக்கும் அயன்தெலேயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, உங்களைத்தான் நம்பியிருக்கேன். உள்ள போய் நல்லா வாசிங்க. ஒவ்வொருத்தர் குலப்பெருமையும் சொல்லுங்க. தன் பேரு மேளத்துல வந்தா யாரும் எழுந்திருக்க மாட்டாங்க."

"காலைல இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை தங்கச்சி."

"அடுத்த இலை உங்களுக்குத்தான். சத்தியமா. கொஞ்ச நேரம் மட்டும்."

அயன்தெலே நல்ல மனுஷன். மேளத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். வார்களை நெரித்துக் குச்சியால் தட்டினால் அந்த மேளம் மனுஷர் மாதிரியே பேசும். ஏற்ற இறக்கம் தெரிந்த யாருக்கும் ஒவ்வொரு சொல்லும் புரியும். முதலில் பெரிய மேசையில் இருந்த ஒரு பிரமுகரின் பாட்டன் பூட்டன் பெருமையைச் சொன்னார். அவர் மார்பை நிமிர்த்தினார். அடுத்தவரின் யானை வேட்டைக்காரக் கொள்ளுத்தாத்தாவைச் சொன்னார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது பின்கதவு வழியாக ஒரு காற்று வந்தது, குழம்பு வாசனையோடு.

மேளக்காரர் மூக்கு விடைத்தது. கை தானாகத் தட்டியது.

"பின்னால மணக்குது, முன்னால காயுது," என்றது மேளம். "கெட்டிக்காரன் எழுந்துட்டான், ஏமாந்தவன் உட்கார்ந்திருக்கான்."

ஹால் முழுக்கத் திரும்பி மேளக்காரரைப் பார்த்தது. அப்புறம் ஒரு பெரிய சிரிப்பு. அப்புறம் நூற்றுக்கணக்கான நாற்காலிக் கால்கள் தரையில் உரசும் சத்தம்.

யானை வேட்டைக்காரர் வம்சம்தான் முதலில் எழுந்தது.

மாமரத்தடி திருவிழாவாகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகளும், கவிழ்த்த குளிர்பானப் பெட்டிகளும், மரத்தின் வேரும்கூட இருக்கைகளாயின. பட்டும் சரிகையும் அங்கியுமாக ஊர்ப் பெரிய மனுஷர்கள் மொத்தமும் இலையை மடியில் வைத்துக்கொண்டு கையால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். சிக்கிராவின் அம்மாவுக்கு நெற்றியில் வேர்வை வழிந்தாலும் முகம் பூரித்திருந்தது.

"கவலைப்படாதே," என்றாள். "கடைக்கு வச்சிருந்த அண்டாவையும் கொண்டுவரச் சொல்லிட்டேன். இன்னைக்குக் கடையை மூடியாச்சு."

ஆனால் கோலாப்போ கேமராக்களைக் கழற்றி மேசையில் வைத்தான். பேண்டுக்காரர்கள் பதினொரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு அவன் பின்னால் நின்றார்கள்.

"அக்கா, எங்க சோத்தை உங்க மாமா மூணாவது தடவை சாப்பிடுறாரு."

"அடுத்த அண்டா வருது தம்பி."

"அதையும் அவங்கதான் சாப்பிடுவாங்க. நாங்க போய் 'எழுந்திருங்க ஐயா'ன்னு வக்கீலைப் பார்த்துச் சொல்ல முடியுமா? எங்களுக்குக் கை நடுங்குது. மாப்பிள்ளை வர்ற நேரத்துல போட்டோ எல்லாம் ஆடிப்போய் வரும். அப்புறம் எங்களைக் குத்தம் சொல்லக்கூடாது."

அதே நேரத்தில் லேகோஸ் கேட்டரிங்கின் தலைமைப் பணியாளர் வெள்ளைக் கையுறையோடு வந்து நின்றார். "மேடம், இரண்டாம் வகை தட்டில் போட்டாயிற்று. சாப்பிட ஆள் இல்லை. ஆறினால் நாங்கள் பொறுப்பில்லை. கீழே கொட்டிவிடவா?"

மொரோலயோ ஒரு பக்கம் பசியோடு நிற்கும் அறுபத்தொன்பது பேரைப் பார்த்தாள். இன்னொரு பக்கம், ஆளில்லாமல் ஆறிக்கொண்டிருக்கும் தட்டுகளை நினைத்தாள். அக்கா மாடி அறையில் இரண்டாவது உடை மாற்றிக்கொண்டிருந்தாள். மணப்பெண்ணும் அங்கேதான். குறைந்தது அரை மணி நேரம் கீழே வரமாட்டார்கள். பஸ் வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும் என்று போனில் சொல்லியிருந்தார்கள்.

இருபது வருஷம் மிச்சச் சோற்றுக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தவள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"உள்ள போங்க," என்றாள். "எல்லாரும். உட்கார்ந்து சாப்பிடுங்க. கால் மணி நேரம், அதுக்குமேல ஒரு நிமிஷம் கிடையாது. தின்னுட்டு எழுந்து வந்துடணும்."

கால் மணி நேரத்தில் தின்றுவிட்டு எழ அது கொட்டகைச் சாப்பாடு இல்லை. ஐந்து வகை விருந்து என்பது, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது வரும் ஏற்பாடு. நடுவில் யாராவது எழுந்தால் கையுறைக்காரர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். "இன்னும் மூன்று இருக்கிறது ஐயா."

ஜெனரேட்டர்காரரின் மடியில் ஒருவர் துணி விரித்தார். "என்ன குடிக்கிறீர்கள் ஐயா? ஒயின் வெள்ளையா, சிவப்பா?"

"கறுப்பு," என்றார் ஜெனரேட்டர்காரர். "மால்ட் இருந்தா குளிர்ச்சியா ஒண்ணு."

அலங்காரக்காரியின் தங்கைகள் தாங்கள் கட்டிய பூக்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்து, அந்தப் பூ இவ்வளவு அழகாக இருக்கும் என்று தெரியவே தெரியாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அயன்தெலே பெரிய மேசையின் நடு நாற்காலியில் மேளத்தைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அதற்கும் ஒரு தட்டு வாங்கி இரண்டையும் சாப்பிட்டார். கட்டம் போட்ட சட்டைக்காரர் இரண்டாம் வகையைத் திருப்பி அனுப்பி, கொஞ்சம் உப்பு கம்மி என்றார்.

மொரோலயோ வாசலுக்கும் மேசைக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். "சீக்கிரம், சீக்கிரம்," என்றாள். ஆனாலும், லைட்டுக்கு வயர் பிடிக்கும் பையன் துணியால் உதட்டை ஒற்றியெடுத்துவிட்டு "நன்றிங்க" என்று பணியாளரிடம் சொன்னதைப் பார்த்தபோது, அவளுக்கு ஒரு நொடி கண் கலங்கியது.

அந்த நொடியில்தான் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அடுனோலா நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே இறங்கிவிட்டாள். தங்க நிறச் சரிகை, தோள் அகலத்துக்குத் தலைக்கட்டு, கையில் இறகு விசிறி. ஹால் வாசலில் நின்று, விருந்தாளிகளைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய சிரிப்பைச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பெரிய மேசைவரை போய், அங்கே கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்த மேளக்காரரைச் சந்தித்தது.

விசிறி கீழே விழுந்தது.

"மொரோலயோ!"

"அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"விருந்தாளிங்க எங்க? ஓயெவோ மாமா எங்க? அமைச்சரோட மச்சான் எங்க?"

"பின்னால இருக்காங்க அக்கா. மாமரத்தடியில."

"மாமரத்தடியில என்ன பண்றாங்க?"

"சாப்பிடுறாங்க."

அடுனோலா தலைக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஊர்ப் பெரிய மனுஷனெல்லாம் குப்பைத் தொட்டி பக்கத்துல உட்கார்ந்திருக்கான். மேளக்காரன் நடு நாற்காலியில! என்னை உயிரோட பொதைச்சுட்டியேடி! இப்ப அந்தம்மா வந்து பார்த்தா என் பொண்ணு கதி என்ன? எழுப்புடி இவங்களை! எல்லாரையும் எழுப்பு! பஸ் வர்றதுக்குள்ள..."

"பஸ் வந்துடுச்சும்மா," என்று வாசல் காவலாளி எட்டிப் பார்த்துச் சொன்னான். "இருபது நிமிஷம் ஆச்சு. முன்வாசல்ல கேக் வண்டி குறுக்க நிக்குதுல்ல, அதான் பின்கேட்டு வழியா விட்டேன்."

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் பின்கதவுக்கு ஓடினார்கள்.

மாமரத்தடியில் கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. நீல நிறத்தில் ஒரே துணி உடுத்திய மாப்பிள்ளை வீட்டார் முழுக்க இலையும் கையுமாக இருந்தார்கள். மாப்பிள்ளை போலாஹான் நின்றபடியே முட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டிருந்தான். நடுவில், கவிழ்த்த குளிர்பானப் பெட்டியின் மேல் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தாள். பத்து பவளமாலைகள், வெள்ளித் தடி, மடியில் இலை. அவள் விரல்களிலிருந்து முழங்கைவரை எண்ணெய் வழிந்தது. ஓயெவோ மாமா அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி..." என்றாள் அடுனோலா. 

 சம்பந்தியம்மா கடைசிக் கவளத்தை முடித்தாள். இலையை மடித்தாள். சிக்கிராவின் அம்மா ஊற்றிய தண்ணீரில் கையைக் கழுவினாள். தடியை ஊன்றி எழுந்து, நேரே பின்கதவை நோக்கி நடந்தாள். கூட்டம் வழிவிட்டது. 

ஹால் வாசலில் அவள் நின்றாள். உள்ளே எல்லாரும் அப்படியே உறைந்துவிட்டார்கள். நான்காம் வகை தட்டுகளில் பாதியாக இருந்தது. அவள் ஒவ்வொரு மேசையாகப் பார்த்தாள். வயர்க்காரப் பையனைப் பார்த்தாள். எண்ணெய்க்கறைச் சட்டையோடு மடியில் வெள்ளைத் துணி விரித்திருந்த ஜெனரேட்டர்காரரைப் பார்த்தாள். பெரிய மேசையையும் அதில் உட்கார்ந்திருந்த மேளத்தையும் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாடிப்படியில் மணப்பெண் இபுகுன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சம்பந்தியம்மா திரும்பினாள்.

"இங்க வேலைக்கு வந்தவங்க எல்லாரும் உள்ள. நாங்க எல்லாம் வெளிய. இது யாரோட ஏற்பாடு?"

"இவதான்!" அடுனோலாவின் சுட்டுவிரல் தங்கையின் மூக்குக்கு நேரே நீண்டது. "எல்லாம் இவ வேலை சம்பந்தி! எனக்கு எதுவும் தெரியாது. நான் கண்டிப்பா வேணாம்னு சொன்னேன். ஊர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க. இதுல எனக்கு ஒரு பங்கும் கிடையாது!"

"நான்தாம்மா," என்றாள் மொரோலயோ.  "அக்காவுக்குச் சம்பந்தமில்லை. பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்லை. என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

சம்பந்தியம்மா வெள்ளித் தடியைச் சுவரில் சாய்த்தாள். இரண்டு கைகளாலும் மொரோலயோவின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை கல்யாணம் பார்த்துட்டேன் மகளே, வேலைக்கு வந்தவனைப் பட்டினி போடுற வீட்டைத்தான் பார்த்திருக்கேன், அவனை நடு ஹால்ல உட்கார வச்சு அஞ்சு வகை பரிமாறிட்டு, சொந்தபந்தத்தை மரத்தடியில உட்கார வச்சு வயிறு நிறையச் சோறு போட்ட வீட்டை இன்னைக்குத்தான் பார்க்குறேன். நாலு மாசமா யோசிச்சுக்கிட்டு இருந்தேன், இப்பச் சொல்றேன்: உன் அக்கா எப்படியோ போகட்டும், என் மகன் உன் வீட்டுலதான் பொண்ணு எடுக்குறான்!"